கோ மொழியில் தப்பான பேக்கேஜ் தானாக இம்போர்ட் ஆவது: கண்டுபிடிக்க, திருத்த, தடுக்க முழுமையான வழிகாட்டி

பாஸ்வேர்டை மாற்றுவதற்கு மெயிலில் ஒரு லிங்க் அனுப்ப வேண்டும். யாரும் ஊகிக்க முடியாத டோக்கன் அதற்குத் தேவை. கோ மொழியில் எழுதுகிறீர்கள், ரேண்ட்.ரீட் என்று அழைக்கிறீர்கள். மெயில் சர்வர் பதில் தராவிட்டால் கொஞ்ச நேரம் முன்னே பின்னே காத்திருந்து மறுபடி முயல வேண்டும் என்பதால், அதே ஃபைலில் கீழே ரேண்ட்.இன்ட்என் என்றும் ஒரு வரி. சேவ் செய்ததும் மேலே இம்போர்ட் வரி தானாக வந்துவிடுகிறது. கம்பைல் ஆகிறது. டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் வந்திருப்பது ஊகிக்க முடியாத எண்கள் தரும் கிரிப்டோ/ரேண்ட் இல்லை, பாதுகாப்புக்கு உதவாத சாதாரண ரேண்டம் எண்களுக்கான மேத்/ரேண்ட்.

ஏன் என்று பார்த்தால் காரணம் எளிது. ரேண்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன்களை அழைத்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து இருக்கிற பேக்கேஜ் எது என்று, இம்போர்ட் வரியைத் தானாகப் போடும் கருவி தேடுகிறது. கிரிப்டோ/ரேண்டில் இன்ட்என் கிடையாது. மேத்/ரேண்டில் ரீட், இன்ட்என் இரண்டும் உண்டு. அதனால் அதைப் போட்டுவிடுகிறது. ரீட் ஃபங்ஷன் இரண்டு பேக்கேஜிலும் ஒரே வடிவம்: ஒரு பைட் ஸ்லைஸை வாங்கிக்கொண்டு, எத்தனை பைட் என்ற எண்ணையும் ஒரு எரரையும் திருப்பித் தரும். ஆகவே கம்பைலருக்கும் சந்தேகம் வர வழியே இல்லை.

இதன் விளைவு எவ்வளவு மோசம் என்பது கோ பதிப்பைப் பொறுத்தது. 1.20-க்கு முன்னால், சீட் (ரேண்டம் வரிசை தொடங்கும் எண்) எதுவும் கொடுக்காவிட்டால் மேத்/ரேண்ட் எப்போதும் 1 என்ற சீடில்தான் தொடங்கும். புரோகிராமை ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அதே பைட்கள் அதே வரிசையில் வரும், அதாவது அதே டோக்கன்கள். 2023 பிப்ரவரியில் வந்த 1.20-இல் சீட் தானாக மாறும்படி செய்தார்கள். மேத்/ரேண்டின் ரீட் ஃபங்ஷனைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் அப்போது குறித்துவிட்டார்கள். சாவிகள் உருவாக்கும் இடத்தில்கூடப் பலர் தெரியாமல் அதைப் பயன்படுத்தியிருந்தது அந்தக் குறிப்பு வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 2024 பிப்ரவரியின் 1.22-இல் சீட் கொடுக்காத பொதுவான ஜெனரேட்டரையே சாச்சா8 என்ற பலமான முறைக்கு மாற்றிவிட்டதால் பாதிப்பு குறைந்தது. ஆனாலும் 1.22, 1.23-இல் புரோகிராமில் எங்காவது ரேண்ட்.சீட் அழைப்பு ஒன்று மிச்சமிருந்தால் பழைய பலவீனமான ஜெனரேட்டருக்கே போய்விடும். பழைய பதிப்பிலேயே ஓடும் சர்வர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இந்த வழிகாட்டி கோஇம்போர்ட்ஸ் கருவியையும், அதே வழிமுறையில் எடிட்டருக்குள் வேலை செய்யும் கோப்ளீஸையும் பற்றியது. விஎஸ் கோட், நியோவிம் எதில் எழுதினாலும் பெரும்பாலும் உள்ளே கோப்ளீஸ்தான் இருக்கும். பேக்கேஜ், கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி எழுதியிருக்கிறேன். தட்டும்போது அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில்: கருவி எந்த வரிசையில் தேடுகிறது

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் கீழே வரும் படிகளில் பாதி தானாக விளங்கிவிடும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

உங்கள் ஃபைலில் புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கிற, எங்கும் அறிவிக்கப்படாத பெயர்களை எல்லாம் கருவி பொறுக்கி எடுக்கிறது. ரேண்ட், எரர்ஸ், டெம்ப்ளேட் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் எந்தெந்தப் பெயர்கள் வந்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுகிறது. அப்புறம் தேடல்.

அந்தப் பெயரில் ஃபைலிலேயே இம்போர்ட் இருந்தால் அதைத் தொடாது. வலப்பக்கப் பெயர் அந்தப் பேக்கேஜில் உண்மையில் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காது. கிரிப்டோ/ரேண்டை நீங்கள் கையால் எழுதி வைத்திருந்தால், பின்னால் இன்ட்என் சேர்த்தாலும் இம்போர்ட் மாறாது, கம்பைல்தான் நிற்கும். அது நல்லது. இந்த ஒரு குணத்தை வைத்தே பல இடங்களில் தப்பிக்கலாம்.

இம்போர்ட் இல்லை என்றால், அதே டைரக்டரியில் இருக்கிற பக்கத்து ஃபைல்களைப் பார்க்கும். அங்கே யாராவது அந்தப் பெயரில் ஒரு பேக்கேஜை இம்போர்ட் செய்திருந்து, தேவையான பெயர்களும் அதில் கிடைத்தால், அதையே எடுத்துக்கொள்ளும். மாற்றுப் பெயர் வைத்து இம்போர்ட் செய்திருந்தால் அந்த மாற்றுப் பெயரையும் சேர்த்து எடுக்கும். சாதாரண ஃபைலுக்குத் தேடும்போது டெஸ்ட் ஃபைல்களைப் பார்க்காது.

இந்தக் கட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. தொடக்கத்தில் சொன்ன டோக்கன் ஃபைலில் இன்ட்என் வரியே இல்லை, ரீட் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக அப்போது கருவி கிரிப்டோ/ரேண்டைத்தான் முதலில் முயலும். ரேண்ட் என்ற பெயருக்கு மட்டும் அப்படி ஒரு தனி விதியை கருவியை எழுதியவர்களே உள்ளே வைத்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து ஃபைலில் யாரோ வேறு வேலைக்காக மேத்/ரேண்டை இம்போர்ட் செய்திருந்தால், அந்தத் தனி விதி வரைக்கும் தேடல் போகவே போகாது. பக்கத்து ஃபைலிலேயே ரீட் கிடைக்கும் பேக்கேஜ் இருக்கிறதே, அங்கேயே முடிந்துவிடும். ஒரே வரி கோட் ஒரு டைரக்டரியில் பாதுகாப்பாகவும் இன்னொரு டைரக்டரியில் பாதுகாப்பில்லாமலும் ஆவது இப்படித்தான்.

பக்கத்து ஃபைல்களிலும் இல்லை என்றால் ஸ்டாண்டர்ட் லைப்ரரி. அதிலும் இல்லை என்றால் உங்கள் மாட்யூல் (அதாவது உங்கள் புராஜெக்ட்), அது பயன்படுத்தும் வெளி லைப்ரரிகளைப் பட்டியலிடும் கோ.மாட் ஃபைலில் உள்ள டிபென்டன்சிகள், கடைசியாக இதுவரை இறக்கியவை எல்லாம் கிடக்கும் உங்கள் கணினியின் மாட்யூல் கேஷ். பல பேக்கேஜ்கள் பொருந்தினால் ஃபைலுக்கு அருகில் இருப்பது, பாதை குட்டையாக இருப்பது என்ற கணக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். உள் விவரங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆனால் அடிப்படை இதுதான்.

இதில் எந்தக் கட்டத்திலும் ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்க்யுமென்ட், என்ன டைப் என்று பார்ப்பதில்லை. பெயர் பொருந்தினால் போதும். இணையத்திலிருந்து எதையும் இறக்குவதும் இல்லை. கணினியில் ஏற்கெனவே இருப்பதில்தான் தேடும். பழைய புராஜெக்டுக்காக நீங்கள் எப்போதோ இறக்கிய லைப்ரரி உங்கள் கேஷில் இருக்கும், உங்களோடு வேலை செய்பவரிடம் இருக்காது. அதே ஃபைலை இருவரும் சேவ் செய்தால் இருவேறு இம்போர்ட் வரலாம். ‘என் மெஷினில் சரியாகத்தான் வருது’ என்ற பேச்சுக்கு இங்கே நிஜமான காரணம் உண்டு.

படி 1: என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான எடிட்டர்கள் இம்போர்ட் பகுதியை மடித்து வைத்துவிடும். முதல் வேலையாக அந்த மடிப்பை நிறுத்துங்கள். கண்ணில் படாத வரியை யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

சேவ் செய்த பிறகு கிட் டிஃப் போட்டு, புதிதாக வந்த இம்போர்ட் வரிகளை மட்டும் ஒருமுறை படியுங்கள். கருவி ஒரு ஃபைலில் என்ன மாற்றும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டுமானால், டெர்மினலில் கோஇம்போர்ட்ஸை -டி ஃப்ளாகோடு ஓட்டினால் ஃபைலைத் தொடாமல் வித்தியாசத்தை மட்டும் காட்டும்.

கோ.மாட், கோ.சம் இரண்டும் மாறியிருக்கின்றனவா என்றும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் புதிய லைப்ரரி எதையும் சேர்க்க நினைக்காதபோது கோ.மாட்டில் புது வரி வந்திருந்தால் அங்கே நின்றுவிட வேண்டும். அது பெரும்பாலும் இப்படி நடக்கும்: மாட்யூல் கேஷில் மட்டும் இருக்கிற ஒரு பேக்கேஜைக் கருவி இம்போர்ட் செய்துவிடும். கம்பைலர், இந்தப் பேக்கேஜைத் தரும் மாட்யூல் கோ.மாட்டில் இல்லை, கோ கெட் ஓட்டுங்கள் என்று சொல்லும். சொன்னபடி ஓட்டினால் எரர் போய்விடும், ஆனால் நீங்கள் கேட்காத ஒரு லைப்ரரி புராஜெக்டுக்குள் நிரந்தரமாக வந்திருக்கும். கோ மாட் டைடி ஓட்டினாலும் இதேதான் நடக்கும். அந்த எரர் வந்தால் கோ கெட் ஓட்டுவதற்கு முன், இம்போர்ட் பாதை நீங்கள் நினைத்ததுதானா என்று பாருங்கள்.

ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட மாட்யூல் யாரால் வந்தது என்று தெரிய கோ மாட் ஒய் கட்டளையை -எம் ஃப்ளாகோடு ஓட்டுங்கள். எந்தப் பேக்கேஜ் எதை இழுத்துக்கொண்டு வந்தது என்ற சங்கிலியைக் காட்டும்.

படி 2: சத்தம் போடும் தப்பா, சத்தமில்லாத தப்பா

தப்பான பேக்கேஜ் வந்தாலும் பெரும்பாலும் கம்பைலர் பிடித்துவிடும். ரேண்ட்.இன்ட் என்று ஆர்க்யுமென்ட் இல்லாமல் எழுதினால் கருவி கிரிப்டோ/ரேண்டைப் போடக்கூடும். அங்கே இன்ட் ஃபங்ஷனுக்கு இரண்டு ஆர்க்யுமென்ட் வேண்டும், எனவே கம்பைல் நிற்கும். எரிச்சல்தான், ஆபத்தில்லை. குபர்னெட்டிஸ் கோடில் வி1 என்று எழுதினால் கோர், ஆப்ஸ், மெட்டா என எல்லாப் பேக்கேஜுக்கும் பெயர் வி1 என்பதால் கருவி தடுமாறும். ஆனால் டைப் பெயர்கள் பெரும்பாலும் வேறு வேறு என்பதால் அதுவும் சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

கம்பைலரும் டெஸ்டும் விட்டுவிடும் ஜோடிகளைத்தான் மனதில் வைத்திருக்க வேண்டும். ரேண்டைப் பார்த்தாயிற்று. அடுத்தது டெம்ப்ளேட். டெக்ஸ்ட்/டெம்ப்ளேட், எச்டிஎம்எல்/டெம்ப்ளேட் இரண்டிலும் நியூ, மஸ்ட், பார்ஸ்ஃபைல்ஸ், எக்ஸிக்யூட் எல்லாம் ஒரே வடிவத்தில் உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை வைத்தால் கோடில் வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எச்டிஎம்எல்/டெம்ப்ளேட் மட்டும்தான், பயனர் தந்த எழுத்து பக்கத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்து அதற்கேற்ப எஸ்கேப் செய்யும், அதாவது கோடாக ஓடாமல் வெறும் எழுத்தாகத் தெரியும்படி மாற்றும். டெக்ஸ்ட்/டெம்ப்ளேட் வந்துவிட்டால், பெயர் என்ற கட்டத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட் டேக் எழுதி அனுப்பினாலும் அது அப்படியே பக்கத்தில் ஏறி மற்றவர்களின் பிரவுசரில் ஓடும். சாதாரணப் பெயர்களை வைத்து எழுதிய டெஸ்ட்கள் எதிலும் இது தெரியாது. வெப்பக்கம் உருவாக்கும் கோடில், கோணக்குறியும் ஸ்கிரிப்ட் டேகும் உள்ள ஒரு பெயரைக் கொடுத்து, அது எஸ்கேப் ஆகி வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்று கட்டாயம் எழுதிவிடுங்கள். யார் இம்போர்ட்டை மாற்றினாலும் அந்த டெஸ்ட் பிடித்துவிடும்.

மூன்றாவது ஜோடி மேப்ஸ். ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு வருவதற்கு முன் மேப்ஸ், ஸ்லைசஸ் இரண்டும் எக்ஸ்/எக்ஸ்ப் என்ற சோதனைத் தொகுப்பில்தான் இருந்தன. 1.21-இல் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு வந்தன. மேப்ஸ்.கீஸ் மட்டும் 1.23-இல்தான் வந்தது, அதுவும் வேறு வடிவத்தில். பழையது ஸ்லைஸைத் திருப்பித் தரும், புதியது இட்டரேட்டரைத் தரும். இப்போது இந்தக் கோடைப் பாருங்கள். வாடிக்கையாளர் எண்ணைச் சாவியாகக் கொண்ட ஒரு மேப். அதன் மேப்ஸ்.கீஸ் மேல் ஒரே மாறியை வைத்து ஃபார் ரேஞ்ச் ஓட்டுகிறீர்கள். புதிய பேக்கேஜ் என்றால் அந்த மாறியில் வாடிக்கையாளர் எண் வரும். பக்கத்து ஃபைலைப் பார்த்துக் கருவி பழைய எக்ஸ்/எக்ஸ்ப் பேக்கேஜைப் போட்டுவிட்டால், அது ஸ்லைஸ் ஆயிற்றே, ஒரே மாறியில் வருவது 0, 1, 2 என்ற இடஎண். சாவியின் டைப் இன்ட் என்றால் இரண்டும் கம்பைல் ஆகும். 4012, 7780 என்ற வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய பில் 0-க்கும் 1-க்கும் போகும். ஒரு இம்போர்ட் வரி மாறியதற்கு இவ்வளவு விளைவு இருக்கும் என்று யாரும் முதலில் சந்தேகப்பட மாட்டார்கள். லூப்பையும் டேட்டாபேஸையும்தான் நோண்டிக்கொண்டிருப்பார்கள்.

மற்ற ஜோடிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ப்ரோட்டோபஃபுக்குப் பழைய கிட்ஹப் பாதையும் புதிய கூகுள் பாதையும் உண்டு, இரண்டிலும் ப்ரோட்டோ.மார்ஷல் இருக்கிறது. எரர்ஸ் என்ற பெயரில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியும், இப்போது மூடிவைக்கப்பட்டுவிட்ட பிகேஜி/எரர்ஸும் உண்டு. கார்ம், ரெடிஸ், யாம்ல், ஜேடபிள்யூடி போன்ற லைப்ரரிகளில் பழைய மேஜர் பதிப்பும் புதியதும் ஒரே பெயரில் கேஷில் கிடக்கும். லாகின் டோக்கன்களுக்கான ஜேடபிள்யூடியில் கூடுதல் கவனம் வேண்டும். பராமரிப்பு நின்றுபோன பழைய லைப்ரரியில் தெரிந்த பாதுகாப்புக் குறை உண்டு. கோலாங்-ஜேடபிள்யூடி என்ற பெயரில் தொடரும் லைப்ரரிதான் இப்போது பயன்படுத்த வேண்டியது.

படி 3: திருத்துங்கள்

தப்பான வரியை அழித்துவிட்டுச் சேவ் செய்தால் பலன் இல்லை. கருவி மறுபடி அதே தேடலை ஓட்டி அதே வரியைக் கொண்டுவரும். பாதையை நீங்களே திருத்தி எழுத வேண்டும். பயன்பாட்டில் இருக்கிற இம்போர்ட்டைக் கருவி மாற்றாது என்று மேலே பார்த்தோம், எனவே ஒருமுறை சரியாக எழுதினால் அது நிற்கும்.

இங்கே புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. முதலில் இம்போர்ட்டை எழுதி, அதைப் பயன்படுத்தும் வரியை எழுதுவதற்கு முன் சேவ் செய்தால், பயன்படாத இம்போர்ட் என்று கருவி அதை நீக்கிவிடும். அப்புறம் கோடை எழுதிச் சேவ் செய்யும்போது தன் விருப்பப்படி ஒன்றைப் போடும். ஆகவே பயன்படுத்தும் வரியை எழுதிவிட்டு, சேவ் செய்வதற்கு முன் மேலே போய் இம்போர்ட்டையும் எழுதுங்கள். விஎஸ் கோடில் இதற்கு ‘கோ: ஆட் இம்போர்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. முழுப் பாதைகளின் பட்டியல் வரும், அதில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். ரேண்ட் என்று எழுதிப் புள்ளி வைத்ததும் வரும் பரிந்துரைப் பட்டியலிலும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது எந்தப் பேக்கேஜ் என்று காட்டும். என்டர் தட்டுவதற்கு முன் அந்தப் பாதையைப் படிக்கும் பழக்கம் நல்ல பலன் தரும்.

டோக்கனுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. உங்கள் கோ பதிப்பு 1.24 அல்லது அதற்கு மேல் என்றால் ரேண்ட்.ரீடுக்குப் பதில் ரேண்ட்.டெக்ஸ்ட் அழையுங்கள். குறைந்தது 128 பிட் அளவுக்கு ஊகிக்க முடியாத எழுத்துச் சரத்தை நேரடியாகத் தரும். டெக்ஸ்ட் என்ற ஃபங்ஷன் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் கிரிப்டோ/ரேண்டில் மட்டும்தான் இருக்கிறது. மேத்/ரேண்டைத் தப்பாகப் போட்டால் கம்பைல் ஆகாது.

அதேபோல, பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத எண்களுக்கு மேத்/ரேண்ட்/வி2-க்கு மாறுங்கள். 1.22-இல் வந்த அந்தப் பேக்கேஜில் ரீட் ஃபங்ஷனே கிடையாது. பழைய இன்ட்என் சின்ன என் எழுத்தில் முடியும், வி2-வில் பெரிய என். ஒரே ஃபைலில் ரீடும் பெரிய இன்ட்என்னும் வந்தால் இரண்டும் சேர்ந்து இருக்கிற ஸ்டாண்டர்ட் பேக்கேஜ் எதுவும் இல்லை. கருவியால் சத்தமில்லாமல் தப்பு செய்ய முடியாது.

படி 4: மாற்றுப் பெயர் வையுங்கள்

ஒரே பெயரில் இரண்டு பேக்கேஜ் புழங்கும் புராஜெக்டில் எனக்கு மிகவும் பிடித்த மருந்து இதுதான். கிரிப்டோ/ரேண்டுக்கு சிரேண்ட், மேத்/ரேண்ட்/வி2-க்கு எம்ரேண்ட் என்று மாற்றுப் பெயர் கொடுத்து இம்போர்ட் செய்யுங்கள். குபர்னெட்டிஸ் உலகில் கோர்வி1, ஆப்ஸ்வி1, மெட்டாவி1 என்று எழுதுவது ஏற்கெனவே ஊர் வழக்கம்.

சிரேண்ட்.ரீட் என்று எழுதிவிட்டால் சிரேண்ட் என்ற பெயரில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் பேக்கேஜ் எதுவும் இல்லாததால் கருவி மேத்/ரேண்டைத் தவறாகப் பிடிக்க இடமில்லை. பக்கத்து ஃபைலில் ஏற்கெனவே சிரேண்ட் என்று இம்போர்ட் இருந்தால் அங்கிருந்து சரியான பாதையை மாற்றுப் பெயரோடு எடுத்துக்கொள்ளும். தொல்லை கொடுத்த அதே பக்கத்து ஃபைல் விதி இங்கே நமக்கு உதவுகிறது. கோடைப் படிப்பவருக்கும் மேலே போய் இம்போர்ட்டைப் பார்க்காமலேயே எது எது என்று தெரியும்.

டீமில் ஆளுக்கொரு மாற்றுப் பெயர் வைத்தால் குழப்பம். கோடை ஓட்டாமலேயே விதிமீறல்களைக் காட்டும் லின்டர்களின் தொகுப்பான கோலாங்சிஐ-லின்ட்டில் இம்போர்ட்ஆஸ் என்ற லின்டர் இருக்கிறது. எந்தப் பாதைக்கு எந்தப் பெயர் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் மீறும் இடங்களைக் காட்டும்.

இங்கேயே இன்னொன்று: உங்கள் சொந்தப் பேக்கேஜுக்கு லாக், எரர்ஸ், டைம், சார்ட் என்று ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பெயரை வைக்காதீர்கள். தேடலில் ஸ்டாண்டர்ட் லைப்ரரி முந்திக்கொள்ளும். ஒவ்வொரு வரியிலும் ரெக்வெஸ்ட் எண் சேர்க்கும் உங்கள் லாக் பேக்கேஜிலும் பிரிண்ட்எஃப் இருந்து, புது டைரக்டரியில் யாராவது லாக்.பிரிண்ட்எஃப் எழுதினால், வருவது உங்களுடையதாக இருக்காது. ரெக்வெஸ்ட் எண் இல்லாத லாக் வரிகள் புரொடக்‌ஷனில் தெரியும்போதுதான் யாராவது தேட ஆரம்பிப்பார்கள்.

படி 5: கோ.மாட்டையும் கேஷையும் சுத்தம் செய்யுங்கள்

கருவி தேடும் இடத்தில் தப்பானது இல்லாவிட்டால் தப்பானது வராது. ஒரு லைப்ரரியின் பழைய பதிப்பிலிருந்து புதியதுக்கு மாறும்போது பாதியில் விடாதீர்கள். நாற்பது ஃபைலில் மாற்றிவிட்டு ஐந்து ஃபைலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த ஐந்தும் பக்கத்து ஃபைல்களுக்குப் பழைய இம்போர்ட்டைப் பரப்பிக்கொண்டே இருக்கும். முழுவதும் மாற்றி, கோ மாட் டைடி ஓட்டி, கோ.மாட்டிலிருந்து பழைய வரி போய்விட்டதா என்று பாருங்கள்.

கோ கிளீன் கட்டளையை -மாட்கேஷ் ஃப்ளாகோடு ஓட்டினால் கேஷ் முழுவதும் காலியாகிவிடும். எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டும், மெதுவான இணைப்பில் பெரிய தலைவலி. இதை அடிக்கடி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட வெண்டர் டைரக்டரி நல்லது. கோ மாட் வெண்டர் ஓட்டி டிபென்டன்சிகளைப் புராஜெக்டுக்குள்ளேயே வைத்துவிட்டால், கருவி வெளி லைப்ரரிகளை அந்த டைரக்டரியில் மட்டும்தான் தேடும். கணினிக்குக் கணினி பதில் மாறுகிற பிரச்சினையும் தீரும். ரெப்போவின் அளவு கூடும், அது ஒன்றுதான் விலை.

கோஇம்போர்ட்ஸ்இக்னோர் என்ற ஃபைலை வைத்தால் குறிப்பிட்ட டைரக்டரிகளைத் தவிர்க்கலாம் என்று பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அது மாட்யூல் முறைக்கு முந்தைய கோபாத் காலத்து வசதி. மாட்யூல் முறையில் அந்த ஃபைலைக் கருவி படிப்பதே இல்லை, எனவே அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

படி 6: எடிட்டர் அமைப்புகள்

சேவ் செய்யும்போது இம்போர்ட்டை ஒழுங்குபடுத்தும் வசதியை அடியோடு நிறுத்திவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். அது மிச்சப்படுத்தும் நேரம் பெரிது. டோக்கன், சாவி, பாஸ்வேர்ட் கையாளும் சின்ன ரெப்போ ஒன்று தனியாக இருந்தால் அதற்கு மட்டும் நிறுத்தி வைப்பது நியாயம். விஎஸ் கோடில் அந்த ரெப்போவின் அமைப்பு ஃபைலில் ஆர்கனைஸ்இம்போர்ட்ஸ் என்ற வரியை மட்டும் அணைத்தால் போதும், ஃபார்மேட் வழக்கம்போல நடக்கும்.

எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்வது லோக்கல் அமைப்பு. கோஇம்போர்ட்ஸுக்கு -லோக்கல் ஃப்ளாக், கோப்ளீஸுக்கு லோக்கல் என்ற அமைப்பு. உங்கள் மாட்யூல் பாதையின் முன்பகுதியைக் கொடுத்தால், இம்போர்ட்கள் ஸ்டாண்டர்ட் லைப்ரரி, வெளி லைப்ரரி, சொந்தப் பேக்கேஜ் என்று மூன்று கொத்தாகப் பிரிந்து நிற்கும். நடுக் கொத்தில் அறியாத முகம் ஒன்று வந்தால் ரிவ்யூ செய்பவரின் கண்ணில் உடனே படும்.

கோலேண்ட் எடிட்டரில் எழுதுபவர்கள் கோ அமைப்புகளுக்குள் இம்போர்ட்ஸ் பக்கத்துக்குப் போங்கள். இம்போர்ட்டிலும் பரிந்துரையிலும் வரக்கூடாத பாதைகளுக்கு அங்கே ஒரு விலக்குப் பட்டியல் உண்டு. மேத்/ரேண்ட், எக்ஸ்/எக்ஸ்ப், பழைய ஜேடபிள்யூடி ஆகியவற்றை அதில் சேர்த்துவிடலாம்.

படி 7: சிஐ-யில் பூட்டுங்கள்

ஒருவரின் எடிட்டர் அமைப்பு மற்றவருக்கு உதவாது, எனவே விதிகள் ரெப்போவில் இருக்க வேண்டும், புதுக் கோட் வரும்போதெல்லாம் தானாகச் சோதனை ஓட்டும் சிஐ அவற்றைப் பார்க்க வேண்டும். கோலாங்சிஐ-லின்ட்டில் டெப்கார்ட் என்ற லின்டரை இயக்கி, தடைசெய்யும் பாதைகளின் பட்டியலைக் கொடுங்கள். டெப்கார்ட் பாதையின் முன்பகுதியை வைத்துப் பொருத்தும். மேத்/ரேண்ட் என்று மட்டும் எழுதினால் வி2-வும் சேர்ந்து தடையாகிவிடும். கடைசியில் டாலர் குறி போட்டால் அந்தப் பாதை மட்டும் மாட்டும். ஒவ்வொரு தடைக்கும் விளக்க வரி எழுத இடம் இருக்கிறது. “தடை” என்று மட்டும் எழுதாமல், “டோக்கனுக்கு கிரிப்டோ/ரேண்ட், மற்றதுக்கு வி2” என்று மாற்றையும் எழுதுங்கள். ராத்திரி பத்து மணிக்கு பில்ட் உடைந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஒரு வரி போதும்.

இதோடு ஸ்டாட்டிக்செக் என்ற கோட் சோதனைக் கருவியின் எஸ்ஏ1019 சோதனையை இயக்குங்கள். பயன்படுத்த வேண்டாம் என்று குறிக்கப்பட்ட ஃபங்ஷன்களைக் காட்டும் சோதனை அது, மேத்/ரேண்டின் ரீடும் அதில் அடங்கும். கோசெக் என்ற பாதுகாப்புச் சோதனைக் கருவியின் ஜி404 விதி பலவீனமான ரேண்டம் எண்களைச் சுட்டும். காத்திருப்பு நேரம் மாதிரி ஆபத்தில்லாத இடங்களிலும் அது கத்தும் என்பதால், அந்த இடங்களில் மட்டும் காரணத்தோடு விலக்கு எழுதிக்கொள்ளுங்கள். விதியை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள்.

கோ 1.23 முதல் கோ மாட் டைடி கட்டளைக்கு -டிஃப் ஃப்ளாக் இருக்கிறது. எதையும் மாற்றாமல், கோ.மாட் எப்படி மாற வேண்டியிருக்கிறது என்று காட்டும், மாற்றம் தேவைப்பட்டால் தோல்வி என்று முடியும். அதைச் சிஐ-யில் வைத்தால், யாரும் பயன்படுத்தாமல் கோ.மாட்டில் தங்கிவிட்ட லைப்ரரிகள் வெளியே தெரியும்.

ஏற்கெனவே ஓடும் கோடில் கண்டுபிடித்தால்

மேலே சொன்னவை எல்லாம் இனிமேல் எழுதப்போகும் கோடுக்கு. பழைய ரெப்போவில் முதலில் மேத்/ரேண்டை இம்போர்ட் செய்யும் ஃபைல்கள் அத்தனையையும் கிரெப் போட்டு எடுங்கள். அவற்றில் ரீட் அழைப்பு இருப்பவை முதலில். அடுத்து, இன்ட்என்னை வைத்து எழுத்துகளைப் பொறுக்கி டோக்கனோ ஓடிபியோ உருவாக்கும் ஃபங்ஷன்கள். இவற்றை எஸ்ஏ1019 பிடிக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஃபங்ஷன் பெயரில் டோக்கன், சீக்ரெட், செஷன், கோட் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடினால் சீக்கிரம் கிடைக்கும். எச்டிஎம்எல் அனுப்பும் ஹேண்ட்லர்களில் டெக்ஸ்ட்/டெம்ப்ளேட் இருக்கிறதா என்பது அடுத்த கிரெப்.

ஒன்று மாட்டினால் இம்போர்ட் வரியைத் திருத்தி டிப்ளாய் செய்வதோடு வேலை முடியாது. அந்தத் தப்பான பேக்கேஜ் உருவாக்கிய டோக்கன்களும் சாவிகளும் டேட்டாபேஸில் இன்னும் உயிரோடு இருக்கும். கிட் பிளேம் வைத்து அந்த இம்போர்ட் எந்தக் கமிட்டில் வந்தது, எந்த ரிலீஸில் போனது, அப்போது எந்தக் கோ பதிப்பில் பில்ட் ஆனது என்று பாருங்கள். 1.20-க்கு முந்தையது என்றால் தயங்காமல் அந்தக் காலத்தில் உருவான எல்லாவற்றையும் செல்லாததாக்குங்கள். செஷன்களை முடித்துவிடுங்கள், ஏபிஐ சாவிகளை மாற்றிக் கொடுங்கள், பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க்குகளைக் காலாவதியாக்குங்கள். அதற்குப் பிந்தைய பதிப்பானாலும் நீண்ட காலம் வாழும் சாவிகளை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். பயனர்கள் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், சப்போர்ட் டீமுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, கூட்டம் குறைவான நேரத்தில் செய்யுங்கள்.